கருவிப்பட்டை யாருக்குச் சொந்தம்?

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்தில் ஓர் அச்சுக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு, அச்சுக்கோப்பவர் தம் கண்ணைக் கையெழுத்துப் பிரதியின்மீது நிறுத்திக்கொண்டு, கையை மட்டும் எதிரே சாய்ந்திருந்த எழுத்துப்பெட்டியின் அறைகளுக்குள் ஓடவிட்ட காட்சி மறந்திராது. ககரம் எந்த அறையில், கொம்பு எந்த அறையில், துணைக்கால் எந்த அறையில் என்பதை அவருடைய மனம் அறிந்திருந்தது என்பதைவிட அவருடைய விரல்கள் அறிந்திருந்தன என்பதே பொருத்தம். ஆனால் அந்த அறைகளின் வரிசையை வகுத்தவர் அவரல்லர். அது அச்சுக்கூடத்தின் வழக்கம். தொழில் பழக வந்த பையன் முதன்முதலில் மனனம் செய்ய வேண்டியிருந்த பாடமும் அதுவே. தட்டெழுத்துப் பொறி வந்தபோது, வரிசையை வகுக்கும் அதிகாரம் கூடத்தை விட்டு, பொறியைச் செய்த தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் வந்த கணிப்பொறியோ, இவ்விரண்டு வழக்கங்களுக்கும் மாறாக, 'உன் கருவிகளை உனக்கு வேண்டிய இடத்தில் நீயே வைத்துக்கொள்' என்று, தன்முன் உட்கார்ந்த ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு எந்த அளவுக்கு நிறைவேறிற்று, நிறைவேறிய இடத்தில் அதனால் பயனடைந்தவர் யார், இடையில் அது திரும்பப் பெறப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம் நியாயமானதுதானா என்பவற்றை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் உதவுகிற வோர்ட், எக்செல், லிப்ரே ஆபீஸ் முதலியவற்றையே இங்கே அலுவலக மென்பொருள் என்கிறோம். அவற்றின் திரையில் மேற்புறமாகச் சிறு சித்திரங்கள் பொறித்த பொத்தான்கள் வரிசையாக நிற்கும் இடத்தை நூல்கள் கருவிப்பட்டை என்றும், அலுவலகங்கள் டூல்பார் என்றும் வழங்குகின்றன. மெனு என்னும் பட்டியில் கட்டளைகள் பெயராக அடங்கிக் கிடக்கும். திறந்து தேடினால்தான் அகப்படும். கருவிப்பட்டையிலோ அவை கண்ணெதிரே நிற்கும். கண்ணெதிரே நிற்க இடம் கொஞ்சமாகவும், நிற்க விரும்பும் கட்டளைகள் ஏராளமாகவும் இருப்பதால், எதற்கு இடம் கொடுப்பது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வழக்கு கருவிப்பட்டை பிறந்த அன்றே பிறந்துவிட்டது.

கருவிப்பட்டைக்கு முன்னும் இந்த வழக்கு வேறு உருவத்தில் இருந்ததுண்டு. எழுபதுகளின் இறுதியில் வெளிவந்த வோர்ட்ஸ்டார், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எழுத்து விசைகளைத் தட்டும் முறையைக் கையாண்டது. இடது கையின் கீழ் ஒரு வைரத்தின் நான்கு முனைகளைப் போல அமைந்த நான்கு எழுத்துக்கள் திரையில் எழுதுமிடத்தை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்தின. அதில் தேர்ந்த எழுத்தாளர்கள் சிலர், உலகம் வேறு மென்பொருள்களுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அதை விட்டு வர மறுத்தனர். அடுத்து அலுவலகங்களை ஆண்ட வோர்ட்பெர்ஃபெக்ட், ஏறக்குறைய வெறுமையான திரையை எழுதுபவர் முன் விரித்துவிட்டு, கட்டளைகள் அனைத்தையும் எஃப் வரிசை விசைகளில் ஒளித்துவைத்தது. பத்து விசைகள், ஒவ்வொன்றும் தனியாகவும், ஷிஃப்ட், ஆல்ட், கண்ட்ரோல் ஆகியவற்றோடு சேர்ந்தும் நான்கு வேலைகள் செய்யும், ஆக நாற்பது கட்டளைகள். இவற்றை நினைவில் வைப்பது சாமானியருக்கு எளிதன்று என்பதால், எந்த விசை எதற்கு என்று வெவ்வேறு நிறங்களில் அச்சிட்ட அட்டையொன்று விசைப்பலகையின்மேல் பொருந்தும்படி கூடவே வந்தது. மென்பொருளுக்குக் கொடுத்த பணம் பெரிதாயினும், அந்த அட்டையைத் தொலைத்தவனுக்கே நஷ்டத்தின் உண்மையான அளவு தெரியும். கருவிப்பட்டையின் மூதாதை என்று எதையேனும் சொல்ல வேண்டுமானால் அந்த அட்டையைத்தான் சொல்ல வேண்டும்.

1981இல் ஜெராக்ஸ் ஸ்தாபனத்தின் ஸ்டார் என்னும் பொறியும், 1983இல் ஆப்பிளின் லீசாவும், மறு ஆண்டில் மெக்கின்டாஷும் சித்திரங்களையும் சுட்டியையும் கொண்டு வேலை செய்யும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஆயினும் அலுவலக மென்பொருளில் கருவிப்பட்டை இன்றைய வடிவில் வேரூன்றியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான். 1990இல் வந்த எக்செலின் மூன்றாம் பதிப்பு ஒரே ஒரு பட்டையோடு வந்தது. 1992இல் வந்த நான்காம் பதிப்பிலோ, பட்டைகள் பலவாகி, பொத்தான்களை எடுக்கவும் வைக்கவும் புதிய பட்டைகளை உண்டாக்கவும் வசதி ஏற்பட்டது. லோட்டஸ் நிறுவனம் தன் மென்பொருள்களில் ஸ்மார்ட் ஐகான் என்ற பெயரில் இதே வசதியை விளம்பரம் செய்தது. பொத்தானை நகர்த்தலாம் என்பது அன்று வாங்குபவனைக் கவரும் ஒரு சிறப்பாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் அதே வசதி ஒரு சுமையாகப் பேசப்பட்டதை நாம் காணப்போகிறோம்.

வோர்டின் வளர்ச்சியைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். விண்டோசுக்காக 1989இல் வந்த அதன் முதற்பதிப்பில் பட்டைகள் இரண்டு. வோர்ட் 97இல் அவை பதினெட்டு ஆயின. வோர்ட் 2003இல் முப்பத்தொன்று. அவை போதாவென்று திரையின் ஓரத்தில் விரியும் பணிப்பலகங்கள் பத்தொன்பது. கட்டளைகளின் தொகையோ ஆயிரத்தைந்நூறைத் தாண்டிற்று. வீடு கட்டியவன் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அறையைச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் வாசற்படி எங்கே என்று விருந்தினர் கேட்கும் நிலைக்கு வந்ததைப் போன்றது இது. புதிய வசதி வேண்டுமென்று வாடிக்கையாளர் எழுதிய விண்ணப்பங்களில் பல, மென்பொருளில் முன்னமே இருந்த வசதிகளையே கேட்டன என்று அதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் காலத்து வோர்டில் பட்டையை மாற்றியமைப்பது எவ்வளவு எளிது என்பதை இன்றைய இளைஞர் அறியார். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பொத்தானைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் அது கூடவே வரும். வேறிடத்தில் விட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும். பட்டைக்கு வெளியே விட்டால் மறைந்துபோகும். பொத்தான்கள் மட்டுமல்ல, பட்டையே நகரும். இந்த எளிமையினால் நேர்ந்த அனர்த்தங்களும் உண்டு. வேண்டுமென்று மாற்றியவர்களைவிட, கைதவறி மாற்றிவிட்டு, போன பொத்தானை மீட்க வழி தெரியாமல் விழித்தவர்களே அலுவலகங்களில் அதிகம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முதியவர் ஒருவருடைய திரையில் பட்டையெல்லாம் வலது ஓரத்தில் செங்குத்தாக நின்றது. அது அவருடைய ரசனை என்று நாங்கள் ஓராண்டு காலம் மரியாதையாக இருந்துவிட்டோம். ஓய்வுபெறும் நாளன்றுதான், 'அதை மேலே ஏற்றிவைக்க உங்களில் ஒருவருக்கும் தெரியாதா?' என்று கேட்டார்.

மாற்றியமைத்தவை எங்கே சேமிக்கப்பட்டன என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. வோர்டில் ஒருவர் செய்த மாற்றங்கள், நார்மல் என்னும் பெயருடைய வார்ப்புருக் கோப்பில் பதிவாயின. கட்டளைக்குரிய பெயரையே, மேக்ரோ என்னும் சிறு நிரல் ஒன்றுக்குச் சூட்டினால், அந்தக் கட்டளையை அழுத்தும்போது மென்பொருளின் செயலுக்குப் பதிலாக நம் மேக்ரோ இயங்கும். 'வேறு பெயரில் சேமி' என்பதன் பொருளைக்கூடப் பயனாளி தன் விருப்பப்படி மாற்றி எழுதலாம். இவ்வளவு தாராளமான சுதந்திரத்தை வேறு யாரோ உபயோகித்துக்கொண்டார்கள். 1995இல் பரவிய கான்செப்ட் என்னும் மேக்ரோ நச்சுநிரல், அதே வார்ப்புருவுக்குள் புகுந்து அதே கட்டளையின் பெயரைத் தனதாக்கிக்கொண்டது. பிறகு சேமிக்கப்பட்ட கோப்புக்களிலெல்லாம் தொற்றிக்கொண்டது. 1999இல் மெலிசா இன்னும் வேகமாக, மின்னஞ்சல் வழியாகப் பரவிற்று. வீட்டுக்காரனுக்காகத் திறந்துவைத்த கதவு திருடனுக்கும் கதவுதான். மேக்ரோக்களைச் சுற்றி அதன்பின் எழுந்த எச்சரிக்கைகளும் பூட்டுகளும், பயனாளி தன் கருவியைத் தானே திருத்திக்கொள்ளும் சுதந்திரத்தையும் சேர்த்தே சுருக்கிவிட்டன.

தொகை பெருகியதற்கு மருந்தாக, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதுமை வந்தது. பயனாளி எதையும் நகர்த்த வேண்டியதில்லை. அவன் அடிக்கடி கையாளும் கட்டளைகளைக் கணிப்பொறியே கவனித்து, அவற்றை மட்டும் பட்டியில் காட்டி, மற்றவற்றை மறைத்துவைக்கும். கேட்பதற்கு இனிமையான யோசனை. நடைமுறையில் அது பெற்ற வரவேற்பு வேறு. நேற்று ஐந்தாவதாக இருந்த கட்டளை இன்று மூன்றாவதாக நிற்குமானால், அல்லது இல்லாமலே போகுமானால், விரல் கற்ற பாடம் வீணாகிறது. கண் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துப்பெட்டியின் அறைகளை இரவோடிரவாக யாரோ இடம் மாற்றிவைத்தால் அச்சுக்கோப்பவர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாடுதான் இது. மாற்றியவர் நல்லெண்ணத்தோடு மாற்றினார் என்பதால் ஒரு வரியும் சீக்கிரம் முடிந்துவிடாது.

வியப்பு என்னவென்றால், ஆராய்ச்சியாளர்கள் இதை முன்னமே எச்சரித்திருந்தார்கள். 1989இல் மிட்செல், ஷ்னைடர்மன் என்னும் இருவர், உபயோகத்துக்கேற்பத் தானே மாறும் பட்டியையும் மாறாத பட்டியையும் ஒப்பிட்டு, மாறாததே விரைவானது என்று கண்டனர். 1994இல் சியர்ஸ் என்பவரும் அதே ஷ்னைடர்மனும், அடிக்கடி வேண்டப்படும் சிலவற்றை மட்டும் மேலே தனியாகப் பிரித்துவைத்து, மற்றவற்றின் வரிசையைக் கலைக்காமல் விடும் பிளவுபட்ட பட்டியை ஆராய்ந்து, அதன் பயனைக் காட்டினர். 2004இல் ஃபைண்ட்லேட்டர், மெக்ரனியர் ஆகிய இரு பெண்மணிகள் கனடாவில் செய்த பரிசோதனை இன்னும் கூர்மையானது. மாறாத பட்டி, பொறி தானே மாற்றும் பட்டி, பயனாளி மாற்றிக்கொள்ளும் பட்டி ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே தராசில் நிறுத்தினர். பொறி மாற்றிய பட்டி மாறாத பட்டியைவிடத் தாமதமாக இருந்தது. பயனாளி மாற்றியது, சில நிலைமைகளில் மாறாததற்குக் குறையவில்லை. பரிசோதனையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் விரும்பியதும் அதுவே. தனக்காக வேறொருவர் செய்யும் மாற்றத்துக்கும் தானே செய்துகொள்ளும் மாற்றத்துக்கும் உள்ள பேதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சிகள் சிலவே. தானே சுருங்கி விரியும் அந்தப் பட்டிகள் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிடப்பட்டன.

இனி, மாற்றியமைப்பவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். இந்த விசாரணையின் மையம் அதுதான். பொதுவாக நாம் நினைப்பது, ஒவ்வொருவரும் தம் தேவையை அறிந்து, சாவகாசமாக உட்கார்ந்து, தம் திரையைத் தாமே செப்பனிட்டுக்கொள்வார்கள் என்பது. வென்டி மக்கே என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் யூனிக்ஸ் கணிப்பொறிகளை உபயோகித்த 51 பேரை நான்கு மாத காலம் கவனித்து, 1991இல் எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. மாற்றியமைக்க நேரமில்லை என்பதே அவர்களிடம் முதலில் கேட்ட பதில். மாற்றத்தில் இறங்கியவர்களும் புதுமை தேடி இறங்கியதாகத் தோன்றவில்லை. மென்பொருளின் புதிய பதிப்பு வந்து அவர்களுடைய பழக்கத்தைக் குலைத்தபோது, புதியதைப் பழையதுபோல ஆக்கிக்கொள்வதற்காகவே பலர் முனைந்தனர். அதாவது, மாற்றும் வசதி மிகுதியும் உபயோகப்பட்டது மாறாமல் இருப்பதற்காக! பழமையைப் பேணும் குணம் நம்மிடத்தில் மட்டும் இருப்பதாக எண்ணி வெட்கப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து ஆறுதலடையலாம்.

மக்கே கண்ட இன்னொரு விஷயம் அதைவிட முக்கியமானது. ஒருவர் அமைத்த அமைப்பைப் பலர் வாங்கிக்கொண்டனர். அலுவலகத்துக்கு அலுவலகம், மற்றவர்களுடைய தேவையைக் கேட்டறிந்து, அதைக் கணிப்பொறிக்குப் புரியும் வகையில் மாற்றிக் கொடுக்கும் ஓர் இடைநிலை மனிதர் இருந்தார். அவரை மொழிபெயர்ப்பாளர் என்றே மக்கே குறிப்பிட்டார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜெராக்ஸ் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் மக்லீனும் அவருடைய சகாக்களும் 1990இல் விவரித்த முயற்சியில், பொத்தான்களையே மின்னஞ்சலில் வைத்துச் சகஊழியருக்கு அனுப்பலாம். பெற்றவர் அதைத் தம் திரையில் பதித்துக்கொண்டு, வேண்டுமானால் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். தொழிலாளி ஒருபுறமும் நிரல் எழுதுபவர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் அலுவலகத்தில், இருவருக்கும் நடுவே கைவேலை தெரிந்த ஒருவர் இருந்தால்தான் இந்தப் பழக்கம் வேர்பிடிக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். வரைபட மென்பொருளைக் கையாளும் அலுவலகங்களை ஆராய்ந்த கான்ட், நார்டி இருவரும் 1992இல் அத்தகையவர்களைத் தோட்டக்காரர் என்று அழைத்தார்கள். தமக்கென்று ஒரு மரம் நட்டுக்கொள்பவர் அல்லர் அவர்கள். எல்லார் பாத்திக்கும் தண்ணீர் பாய்ச்சுபவர்கள்.

இந்தத் தோட்டக்காரரை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எனக்குப் பழக்கமான பத்திரிகை அலுவலகம் ஒன்றில், எழுத்தாளர்கள் அனுப்பும் கட்டுரைகள் பலவிதப் பழைய தமிழ் எழுத்துருக்களில் வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றெழுத்துக்கு முன் தவறி விழுந்த இடைவெளிகளை நீக்கி, மேற்கோட்குறிகளை ஒழுங்குபடுத்தினால்தான் பக்கம் கட்டலாம். பக்க வடிவமைப்பாளர் ஒருவர், கணிப்பொறியியல் படித்தவர் அல்லர், வேலை நடுவில் கிடைத்த ஓய்வில் மேக்ரோக்கள் எழுதப் பழகி, ஏழு பொத்தான்கள் கொண்ட ஒரு பட்டையை அமைத்தார். ஒரு மாதத்துக்குள் அறையிலிருந்த அத்தனை கணிப்பொறிகளிலும் அந்தப் பட்டை நின்றது. உதவியாசிரியர்கள் ஒருவருக்கும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது. அது இல்லாமல் வேலை செய்யவும் தெரியாது. அவர் வேறு வேலைக்குப் போனார். பிறகு கணிப்பொறிகள் மாற்றப்பட்டன; பழைய வார்ப்புருவை யாரும் நகலெடுத்து வைக்கவில்லை. ஏழு பொத்தான்களின் வேலையை நான்கு பேர் கையால் செய்யத் தொடங்கினர்.

இந்தப் பின்னணியில்தான் 2007இல் நடந்த பெரும் மாற்றத்தை மதிப்பிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் அலுவலக மென்பொருள்களின் பட்டிகளையும் பட்டைகளையும் ஒருசேரக் களைந்துவிட்டு, ரிப்பன் என்னும் அகலமான பலகையை வைத்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை, சம்மதம் தந்த பயனாளிகளின் கணிப்பொறிகளிலிருந்து திரட்டிய உபயோகக் கணக்குகள். வோர்ட் 2003இல் மிகுதியாகக் கையாளப்பட்ட ஐந்து கட்டளைகள் ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததைத் திருப்பு, தடிப்பெழுத்து என்பன. மொத்த உபயோகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஐந்துக்கே போயிற்று. அவற்றிலும் ஒட்டு என்பதற்கு விசைகளிலேயே சுருக்குவழி இருந்தும், அதன் பொத்தானும் முதலிடத்தில் அழுத்தப்பட்டது. ரிப்பனின் முதற்பலகையில் ஒட்டு என்னும் பொத்தான் மற்றவற்றைவிடப் பெரிதாக இடதுகோடியில் வீற்றிருப்பதன் காரணம் இதுதான். சுட்டி செல்ல வேண்டிய தூரமும் அடைய வேண்டிய இலக்கின் பருமனும் சேர்ந்தே வேகத்தைத் தீர்மானிக்கின்றன என்று 1954இல் ஃபிட்ஸ் என்னும் உளவியலார் வகுத்த விதி இங்கே கண்கூடாக நிற்கிறது. கணக்கைக் கொண்டு பொதுவான அமைப்பைச் சீர்செய்தது பாராட்டத்தக்க காரியமே. சிதறிக் கிடந்த ஆயிரத்தைந்நூறு கட்டளைகளுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது.

ஆனால் அதே கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. பட்டைகளை மாற்றியமைத்த நிலையில் மென்பொருள் இயங்கிய வேளைகள் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அவற்றிலும் மிகப் பெரும்பாலானவற்றில் நான்கைந்து பொத்தான்களுக்கு மேல் மாறவில்லை என்று கூறப்பட்டது. ஆகையால், ரிப்பனைப் பயனாளி மாற்றியமைக்க இடமில்லை; மேல் மூலையில் விரைவணுகு பட்டை என்னும் ஒரு சிறு வரிசை மட்டும் அவனுடைய ஆட்சிக்கு விடப்படும். அதற்கு மேல் வேண்டுவோர் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதிக் கோப்புக்குள் பொதிந்துவைக்க வேண்டும். அலுவலகத்துத் தோட்டக்காரருக்கு அது எட்டாக்கனி.

இந்த வாதம் எண்ணிக்கையில் சரியாகவும் பொருளில் பிழையாகவும் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். நூலகத்துக்கு வரும் நூறு பேரில் நூல்களை அடுக்குபவர் இருவரே என்பதால், அடுக்கும் உரிமை தேவையற்றதென்று முடிவுகட்ட முடியுமா? அந்த இருவரிடமிருந்துதான் மற்றவர்கள் அமைப்பைப் பெறுகிறார்கள் என்று மக்கேயும் நார்டியும் எழுதிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்றியும், ஒரு வசதி எத்தனை முறை உபயோகிக்கப்படுகிறது என்பது அதன் மதிப்புக்கு முழு அளவுகோலாகாது. மெக்ரனியர், வோர்ட் 97ஐ உபயோகித்த 53 பேரிடம் செய்த ஆய்வில், தாம் தொடாத கட்டளைகளால் திரை நெருக்கடியாக இருக்கிறதென்று குறைப்பட்டவர்களே, அவற்றை அடியோடு நீக்கிவிடச் சம்மதிக்கவில்லை. கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கட்டும் என்றார்கள். 2002இல் அவரும் சகாக்களும் வோர்ட் 2000இல் இருபது பேருக்குத் தனியமைப்பு ஒன்றையும் முழு அமைப்பையும் சேர்த்துக் கொடுத்து, ஒரே சொடுக்கில் இரண்டுக்கும் இடையே போய்வர வழிசெய்தபோது, பெரும்பாலோர் தாமே அமைத்துக்கொண்ட சிறிய அமைப்பில் தங்கிவிட்டனர். முழு அமைப்பு பக்கத்திலேயே இருக்கிறதென்ற நிச்சயமும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பயனாளிகளின் எதிர்ப்பு ஓயவில்லை. பழைய பட்டிகளைத் திரும்பக் கொண்டுவரும் துணை மென்பொருள்கள் விற்பனைக்கு வந்து, வாங்குவோரும் கிடைத்தார்கள். 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் நிறுவனம் இறங்கிவந்தது: ரிப்பனில் புதிய பலகைகளையும் குழுக்களையும் பயனாளியே சேர்க்கலாம், அமைத்ததை ஒரு கோப்பாக வெளியே எடுத்து வேறொரு கணிப்பொறியில் ஏற்றலாம். அச்சிடுவதற்கும் சேமிப்பதற்கும் வழி தெரியாமல் பலரைத் திகைக்கவைத்த 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் வட்டப் பொத்தானும் போய், ஃபைல் என்னும் பழைய பெயர் தன் இடத்துக்கு மீண்டது. ஒன்றைமட்டும் முதலிலிருந்தே அவர்கள் குலைக்கத் துணியவில்லை: பழைய பட்டிகளின் ஆல்ட் விசை வரிசைகள். எக்செலில் இன்றும் ஆல்ட், ஈ, எஸ் என்று அடுத்தடுத்துத் தட்டினால் சிறப்பு ஒட்டுக்கான பெட்டி திறக்கிறது. அந்த எழுத்துக்கள் சுட்டிய பட்டி 2007இலேயே மறைந்துவிட்டது. இல்லாத வீட்டின் முகவரிக்கு எழுதிய கடிதம் தவறாமல் போய்ச் சேர்கிறது.

லிப்ரே ஆபீஸின் வழி வேறு. 2010இல் தோன்றிய அந்தத் திட்டம், பட்டிகளையும் பட்டைகளையும் விடாமல் வைத்துக்கொண்டு, ரிப்பனை ஒத்த பலகையை 2017இல் பரிசோதனையாகவும் 2019இல் முறைப்படியாகவும் சேர்த்து, எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள் என்று விட்டுவிட்டது. பட்டி, பட்டை, விசைகள், வலச்சொடுக்கில் விரியும் பட்டியல் யாவற்றையும் ஒரே உரையாடல் பெட்டியிலிருந்து மாற்றலாம். மாற்றத்தை மென்பொருளுக்குப் பொதுவாகவோ, ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு மட்டுமோ வைக்கலாம். இவ்வளவு தாராளத்துக்கு விலையும் உண்டு: இருவர் திரைகள் ஒன்றாக இராமையால், 'மேலே இடப்பக்கம் மூன்றாவது பொத்தானை அழுத்து' என்று தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க முடியாது. கற்பிக்கும் ஆசிரியரும், பழுது பார்க்கும் உதவியாளரும் எல்லாத் திரையும் ஒன்றாக இருப்பதையே விரும்புவார்கள். அவர்கள் கட்சியும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. பெரிய ஸ்தாபனங்களில் திரையமைப்பை மையத்திலிருந்தே கட்டுப்படுத்திப் பூட்டிவைக்கும் வழக்கம் இதனாலும் ஏற்பட்டது.

கருவிகளின் வரிசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஒரு முறை நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டதைச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவுறாது. லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்குத்தாள் மென்பொருளில் 469 கட்டளைகள், ஐம்பதுக்கு மேற்பட்ட பட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. போர்லண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ புரோவில், லோட்டஸுக்குப் பழகியவர்கள் அதே வரிசையில் வேலை செய்யும்படி ஒரு மாற்றுப் பட்டியைச் சேர்த்தது. பட்டியின் வரிசை எங்கள் படைப்பு என்று 1990இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது: பட்டியின் கட்டளை வரிசை, ஒளிநாடாப் பொறியின் பொத்தான்களைப்போல, இயக்கும் முறையே, அதற்குப் பதிப்புரிமை இல்லை. 1996இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் நால்வர் நால்வராகப் பிரிந்தமையால் அந்தத் தீர்ப்பே நிலைத்தது. அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்ட நியாயங்களுள் நெஞ்சைத் தொடுவது, பயனாளிகள் அந்த வரிசையை நம்பித் தாங்களே எழுதிவைத்திருந்த மேக்ரோக்களைப் பற்றியது. வரிசை லோட்டஸுக்கு மட்டுமே உரியதென்றால், அவர்களுடைய உழைப்பும் லோட்டஸிடம் சிறைப்பட்டிருக்கும்.

அந்தத் தீர்ப்பு நிறுவனங்களுக்கிடையேயான வழக்கைத் தீர்த்தது. நிறுவனத்துக்கும் பயனாளிக்குமான வழக்கு இன்னும் நடக்கிறது. உலாவியில் இயங்கும் அலுவலக மென்பொருள்களில் மாற்றியமைக்கும் வசதி, கணிப்பொறியில் நிறுவியவற்றைவிடக் குறைவாகவே இருக்கிறது. காலையில் திறந்தால் பொத்தான் வேறிடத்தில் இருப்பதும் அங்கே சகஜம். பார்வை குன்றியவர்களுக்கும், சுட்டியைப் பிடிக்க இயலாத கையுடையவர்களுக்கும் இது அசௌகரியம் என்ற அளவோடு நிற்பதில்லை. கேட்டும் தடவியும் மனனம் செய்த வழி அடைபட்டால் அன்றைய வேலையே நின்றுபோகிறது.

தமிழர்களாகிய நமக்கு இந்த வழக்கின் ஒரு கிளை நன்றாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ் 99 விசைப்பலகை அரசின் அங்கீகாரம் பெற்றது. மொழியின் இயல்பை ஒட்டி வகுக்கப்பட்ட அமைப்பு அது. எனினும் பழைய தட்டெழுத்து முறையில் விரல் பழகியவர்களும், ஆங்கில ஒலிமுறையில் தட்டுபவர்களும் தத்தம் வழியிலேயே தொடர்கிறார்கள். மென்பொருள்களும் மூன்றையும் வைத்து, தேர்வைப் பயனாளியிடம் விட்டிருக்கின்றன. அறிஞர் குழு வகுத்த ஒன்றைத் திணிக்காமல், அதைச் சிறப்பித்து முன்னே வைத்து, மற்றவற்றையும் அனுமதித்த இந்த ஏற்பாட்டைச் சிலர் குழப்பம் என்கிறார்கள். முப்பத்தொரு பட்டைகளின் கதையையும் அவற்றை ஒரே நாளில் களைந்த கதையையும் படித்தபின், எனக்கு அது விவேகமாகவே படுகிறது.

என் தீர்ப்பு இது: வரிசையை வகுக்கும் பொறுப்பு செய்பவருக்கு உண்டு, அதைக் கணக்கின்றிக் கலைக்கும் உரிமை அவருக்கு இல்லை. பொறி தானாக எதையும் இடம் மாற்றலாகாது. அலுவலகத்துக்கு ஒருவராவது தம் சகாக்களுக்காகப் பட்டையை அமைக்கவும், அமைத்ததைப் பகிரவும் வழி திறந்திருக்க வேண்டும். வாசகர்களில் அத்தகைய தோட்டக்காரர் இருந்தால், வேலையை விட்டுப் போகுமுன் தம் அமைப்புக் கோப்பின் நகலை, இன்னதென்று ஒரு வரி எழுதி, யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் வோர்டின் விரைவணுகு வரிசையில் தங்களுக்கு வேண்டிய நான்கைந்து கட்டளைகளை வைத்துக்கொள்ளலாம். ஆல்ட் விசையோடு ஒன்று என்னும் எண்ணைத் தட்டினால் அந்த வரிசையின் முதற்பொத்தான் இயங்கும்.